அதேதானே?

முதுகுளத்தூர் மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மெடிக்கல் அண்ணன்மாருக்கும், கவுண்டரில் நிற்கிற தம்பி தங்கச்சிமாருக்கும்,

முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிலும், கமுதி, கடலாடி, சாயல்குடிப் பக்கமும் கடை வைத்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எந்தக் கடையையும் பேர் சொல்லிக் குறை சொல்ல வரவில்லை. சொல்லவும் முடியாது, நான் எல்லாக் கடையிலும் வாங்கியிருக்கிறேன். ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போனால் கூச்சமாக இருக்கிறதென்று, ஒரு வாரம் இங்கே ஒரு வாரம் அங்கே என்று மாறி மாறிப் போனவன் நான்.

அப்படியும் ஒரு கடையில் என்னைப் பிடித்துவிட்டார்கள். 2013 வாக்கில், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த அண்ணன் கை மேல்தட்டுக்குப் போய்விடும். பேதியை நிறுத்துகிற மாத்திரை இரண்டு, வலி மாத்திரை இரண்டு, கேஸுக்கு ஒன்று. கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கி, பழுப்புக் கவரில் போட்டு, பேனாவால் இரண்டு கோடு இழுத்துவிட்டு, “அதேதானே?” என்பார். அதேதான். சில்லறையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அவர் காட்டியது பாசம்தான். அந்தப் பாசத்தின் விலை என் குடலில் ஒன்றரை அடி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்கு வந்திருப்பது கிரோன் நோய். இந்தப் பெயரே ஒரு தொல்லை. 2020இல் ஒரு கல்யாண வீட்டில் “கிரோன்” என்று சொன்னேன். பந்தியில் பக்கத்தில் இருந்தவர் இலையோடு எழுந்து தள்ளி உட்கார்ந்தார். கொரோனா என்று காதில் விழுந்திருக்கிறது. அடுத்த வருஷக் கடைசியில் ஒமிக்ரான் வந்ததும் அதைவிட மோசம். இது ஒட்டுகிற நோயே இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, சொந்தக் குடலையே பகையாளி என்று நினைத்து ஓயாமல் புண்ணாக்குகிறது. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரலாம். அதிகம் வருவது சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிற இடத்தில், வலது பக்க அடிவயிற்றில். புண் குடலின் மேல்தோலோடு நிற்காது, சுவரின் முழுக் கனத்துக்கும் இறங்கும். ஆறிய இடம் தழும்பாகி இறுகும். ஆறாத இடம் ஓட்டை போட்டுக்கொண்டு வேறெங்காவது திறக்கும். ஏன் வருகிறது என்று முழுசாக யாருக்கும் தெரியாது. பரம்பரைக்குக் கொஞ்சம் பங்கு, குடலில் வாழும் கிருமிகளுக்குக் கொஞ்சம் பங்கு. பீடி சிகரெட் இதை மோசமாக்கும் என்பது மட்டும் உறுதி.

எனக்குத் தொடங்கியது 2012 பங்குனியில். களத்தில் மிளகாய் காய்கிற மாதம். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் வலது பக்கம் சுருட்டிப் பிடிக்கும். பகலில் ஐந்தாறு தடவை வெளிக்குப் போக வேண்டும். அது பரவாயில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும். அப்போது எங்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் சீமைக்கருவேலங்காடுதான். டார்ச் லைட்டோடு அந்த முள்ளுக்குள் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பேன்! ஆம்பிளை என்பதால் சமாளித்தேன். இதே நோய் வந்த பொம்பளைப் பிள்ளைகள் பகலெல்லாம் பட்டினி கிடந்து வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டதைப் பின்னால் மதுரையில் வரிசையில் நிற்கும்போது கேட்டேன்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம். அப்பத்தா குடலேற்றம் என்று விளக்கெண்ணெய் தடவி இழுத்துவிட்டது. சித்தப்பா மிளகாய்தான் காரணம் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். நான் மிளகாய் மண்டியில் கணக்கெழுதுகிறவன், நாள் முழுக்க நெடிக்குள் இருக்கிறேன், கேட்பானேன். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு வத்தலை இந்த மாவட்டமே காலங்காலமாகத் தின்கிறது. எல்லாருக்குமா குடல் வெந்துபோயிற்று? மிளகாயால் கிரோன் வராது. புண் இருக்கும்போது காரம் எரியும், அவ்வளவுதான்.

பார்த்த டாக்டர்களையும் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் அல்சர் என்றார், ஒருவர் அப்பெண்டிஸ் என்று சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு இல்லை என்றார், ஒருவர் மனக்கவலை என்றார். ஒவ்வொருவரும் பார்த்தது என்னுடைய ஒரே ஒரு நாளை. இந்த நோய் ஒரு நாளில் தெரிகிற நோய் இல்லை. இரண்டு மாதம் படுத்தும், ஒரு மாதம் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், மறுபடி வரும். அந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் பார்த்தவர் ஊரில் ஒரே ஒரு ஆள்தான். அது மெடிக்கல் கவுண்டரில் நின்றவர். 61 கிலோவில் மாத்திரை வாங்க வந்தவன் 47 கிலோவில் வாங்க வந்ததை, அதே கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்று பார்த்தவர் அவர் மட்டும்தான்.

இந்த மடலை உங்களுக்கு எழுதுகிற காரணமே இதுதான். மண்டியில் ஒரு சம்சாரி மூட்டை இறக்கினால், போன வருஷம் எத்தனை மூட்டை, எவ்வளவு முன்பணம், எதைக் கழிக்கணும் என்று பேரேட்டைப் புரட்டுவேன். மனிதன் வயிற்றுக்கு அப்படி ஒரு பேரேடு இல்லை. இருந்தால் அது உங்கள் ஞாபகத்தில்தான் இருக்கிறது.

2013 கடைசியில் ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டி. உடைந்து சீழ் வந்தது, ஆறியது, திரும்ப வந்தது. இதை யாரிடம் சொல்வது? நம்ம ஊர்ச் சுவரெல்லாம் சுண்ணாம்பில் எழுதியிருக்குமே, ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இன்றி’ என்று, அதில் ஒரு சுவரைப் படித்துவிட்டுப் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். கீறினார்கள், மருந்து வைத்தார்கள். மூன்று மாதத்தில் பக்கத்திலேயே இன்னொரு வாய் திறந்தது. சாதாரணப் பௌத்திரத்துக்கு அறுவையும் காரநூலும் கேட்கும், கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிரோனால் வருகிற பௌத்திரத்துக்கு வேர் உள்ளே குடல் நோயில் இருக்கிறது. அதை அடக்காமல் வெளியே வெட்டினால் ஆறாது. ஆழமாக வெட்டினால் மலத்தை அடக்குகிற தசையே போய்விடும். ஒரு தடவை எம்.ஆர்.ஐ. எடுத்து, பாதை எங்கே போகிறதென்று பார்த்துவிட்டுத்தான் கத்தி வைக்கணும். வாலிப வயதில் ஒருவனுக்குப் பௌத்திரம் திரும்பத் திரும்ப வந்து, கூடவே வயிற்றால் போய், எடையும் குறைகிறது என்றால் மூன்றும் ஒரே நோயின் மூன்று முகமாக இருக்கலாம். என் விஷயத்தில் பௌத்திரத்தைப் பார்த்தவருக்கு வயிற்றைச் சொல்லவில்லை, வயிற்றைப் பார்த்தவருக்கு வெட்கப்பட்டுப் பௌத்திரத்தைச் சொல்லவில்லை. ஆனால் பஞ்சும் களிம்பும் வாங்கியது உங்களிடம். பேதியை நிறுத்துகிற மாத்திரை வாங்கியதும் உங்களிடம்.

2014இல் சாயங்காலக் காய்ச்சல் வர ஆரம்பித்ததும், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற ஸ்கோப் எடுத்துக் குடல் டிபி என்றார்கள். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போக, ஆறு மாதம் மாத்திரை தின்றேன்.

இந்த இடத்தில் நின்று கொஞ்சம் பேச வேண்டும். நம்ம நாட்டில் கிரோனைக் கண்டுபிடிப்பதில் உள்ள முழுச் சிக்கலும் இந்த ஒரு கணுவில்தான் இருக்கிறது. குடல் காசநோயும் கிரோனும் உட்காருவது அதே இடத்தில். இரண்டிலும் வலி, காய்ச்சல், எடைக் குறைவு. ஸ்கோப்பில் இரண்டிலும் புண், இரண்டிலும் சுருக்கம். சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிலும் கிரானுலோமா என்கிற அணுக்களின் முடிச்சு. குடல் சதையில் காசக் கிருமி குறைவாகத்தான் இருக்கும் என்பதால் அதைத் தேடுகிற ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும் டிபி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

சொல்லப்போனால் இந்த நோய்க்குப் பெயர் வந்ததே டிபியிலிருந்து பிரித்தெடுத்ததால்தான். அந்தப் பெயர் வருவதற்கு முன்பே, 1913இல், ஸ்காட்லாந்தில் டால்சியல் என்ற அறுவை மருத்துவர், காசநோய் மாதிரியே இருக்கிறது ஆனால் காசநோய் இல்லை என்று இப்படிப்பட்ட குடல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூன்று பேர் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அகரவரிசையில் முதலில் வந்ததால் கிரோன் பெயர் நிலைத்துவிட்டது. சிறுகுடலின் கடைசிப் பகுதி என்பதால் முதலில் ‘டெர்மினல்’ என்ற சொல்லைப் போட்டிருந்தார்களாம். அதைக் கேட்டால் நோயாளி தன் கடைசிக் காலம் வந்துவிட்டதென்று பயப்படுவான் என்று இன்னொரு மருத்துவர் சொல்லி மாற்ற வைத்தார். அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு. மருந்துச்சீட்டில் எழுதுகிற ஒரு சொல் ராத்திரித் தூக்கத்தை என்ன செய்யும் என்று தெரிந்தவர்.

அமெரிக்காவில் டிபி குறைந்துபோனது, அவர்களுக்குப் பிரிப்பது சுலபமாயிற்று. நமக்கு அப்படி இல்லை. அதனால் இந்த வேலையில் நம்ம ஆட்கள்தான் உழைத்திருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ஆன்னா புளிமூடு, ராமகிருஷ்ணா முதலானவர்கள் 1999இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். டிபியின் முடிச்சுகள் பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டி, நிறைய இருக்கும்; கிரோனின் முடிச்சுகள் சின்னதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் என்று அதில் காட்டினார்கள். ஸ்கோப்பில் கிள்ளி எடுக்கிற அந்தத் துணுக்குச் சதையை வைத்தே பல பேருக்குப் பிரித்துச் சொல்ல முடிகிறது என்பது அதன் சாரம். என் சதையை 2014இல் ஒரே ஒரு இடத்தில்தான் கிள்ளினார்கள். பல இடத்தில், புண் இல்லாத இடத்திலும் சேர்த்துக் கிள்ள வேண்டும் என்பது எனக்கு அப்போது என்ன தெரியும்.

எல்லாம் பார்த்தும் பிரிக்க முடியாதவர்களுக்கு டிபி மருந்தைத் தொடங்கிப் பார்ப்பதுதான் நம்ம நாட்டு வழக்கம். அதில் தப்பு ஒன்றுமில்லை. டிபி இருக்கிறவனுக்குத் தெரியாமல் கிரோனுக்கான ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடம்பெல்லாம் பரவி ஆளையே கொண்டுபோய்விடும். அதனால் டிபிக்கு முதல் மரியாதை. தப்பு அதற்குப் பிறகு நடக்கிறது. டெல்லி எய்ம்ஸில் வினீத் அகுஜா, கோவிந்த் மகாரியா ஆகியோரின் குழு இதை விடாமல் ஆராய்ந்திருக்கிறது. டிபி மருந்து சாப்பிடுகிற கிரோன்காரனுக்கும் கொஞ்சநாள் பசி எடுக்கும், வலி குறையும். ஆனால் உள்ளே புண் ஆறியிருக்காது. அதனால் ஆளைப் பார்த்து ‘தேறிட்டான்’ என்று சொல்லக்கூடாது, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கோப் விட்டுப் புண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பார்க்காமல் மாதக்கணக்கில் ஓட்டினால் கிரோன்காரனின் குடல் அந்த நேரத்தில் சுருங்கிக்கொண்டே போகும் என்றும் அதே இடத்து ஆய்வு சொல்லியது.

எனக்கு நடந்தது அச்சு அசல் அதுதான். இரண்டாம் மாதம் நாலு இட்லி கூடச் சாப்பிட்டேன். எல்லாருக்கும் சந்தோஷம். மறு ஸ்கோப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறு மாதம் முடிந்தது. ஏழாவது மாதம் உங்கள் கவுண்டரில் நின்றேன். “அதேதானே?”

2016 தை. சாயல்குடிப் பக்கமிருந்து மாமா பனங்கிழங்கு கொண்டுவந்தார். அவித்து, நார் உரித்து, மிளகாய் உப்புப் போட்டு இடித்தால் அதற்கு ஈடு எது? ஆசையாகத் தின்றேன். ராத்திரி வயிறு கல் மாதிரி ஆயிற்று. காற்றுப் பிரியவில்லை, பச்சையாக வாந்தி. காலையில் தம்பி போய் கேஸ் மாத்திரையும் பேதியாகப் போக வைக்க ஒரு மருந்தும் வாங்கிவந்தான். நல்லவேளை, அந்தப் பேதி மருந்து வாந்தியில் போய்விட்டது. சுருங்கிப்போன குடலில் நார் அடைத்துக்கொண்டு நிற்கும்போது பேதிக்குக் கொடுப்பது, கதவை வெளியே தாழ்போட்டுவிட்டு உள்ளேயிருந்து நாலு பேரை முட்டச் சொல்கிற மாதிரி. வயிறு உப்பி, காற்றும் போகாமல், வாந்தியும் எடுக்கிற ஆளுக்கு உங்கள் கடையில் மருந்தே கிடையாது. ஆம்புலன்ஸ் நம்பர் மட்டும்தான் உண்டு.

பரமக்குடி வழியாக மதுரை. மூக்கில் குழாய், மூன்று நாள் டிரிப். பிறகு குடலுக்கென்றே எடுக்கிற சி.டி. ஸ்கேன், மறுபடி ஸ்கோப். இந்தத் தடவை பெருங்குடலோடு நிற்காமல் சிறுகுடல் முனை வரை உள்ளே போனார்கள், பல இடத்தில் சதை எடுத்தார்கள். ஒரு திட்டு புண், அடுத்தது நல்ல சதை, மறுபடி புண். விட்டு விட்டு வருவது கிரோனின் கையெழுத்து என்றார் அந்த டாக்டரம்மா. அவர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: “இந்த நாலு வருஷமா என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்க, எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை?” என்னால் சொல்ல முடியவில்லை. அம்மா வீட்டுக்குப் போய், அரிசிப் பானைக்குப் பின்னால் சேர்த்து வைத்திருந்த பழுப்புக் கவர்களைச் சாக்குப்பையில் கட்டிக் கொண்டுவந்தது. டாக்டரம்மா ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார். அதில் வலி மாத்திரை அட்டைகளைத் தனியாக ஒதுக்கினார். ஒரு சின்ன மேடு சேர்ந்துவிட்டது.

டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக், ஐபுபுரூபன் மாதிரியான வலி மாத்திரைகள் நல்ல மனிதனின் சிறுகுடலிலேயே புண் உண்டாக்கும். கிரோன் இருக்கிறவனுக்கு எரிகிற வைக்கோலில் மண்ணெண்ணெய். இந்த நோயில் மூட்டு வலியும் வரும், அதற்கென்று ஆள் இந்த மாத்திரையைத்தான் தேடி வருவான். வாய்ப்புண், கண் சிவப்பு, முழங்காலுக்குக் கீழே சிவந்த வீக்கம் இவையும் வரலாம். வலிக்கு ஏதாவது கொடுத்தே ஆகவேண்டுமென்றால் பாரசிட்டமால் கொடுங்கள். பேதியை நிறுத்துகிற லோபராமைடும் அப்படித்தான்: ஒரு நாள் பயணத்துக்கு வாங்கினால் பரவாயில்லை. ரத்தமும் காய்ச்சலும் சேர்ந்த பேதிக்கு அதைக் கொடுத்தால் குடல் உப்பி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்த தப்பு என்னுடையது, ஒளிக்காமல் எழுதுகிறேன். கிரோன் என்று உறுதியானதும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். 40 மில்லிகிராமில் தொடங்கி, வாரா வாரம் குறைத்து, இரண்டு மாதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. அப்பப்பா, என்ன மருந்து அது! பத்தே நாளில் வலி போய், பசி வந்து, முகம் பௌர்ணமி மாதிரி உருண்டது. ஊரில் “மாப்ளை தேறிட்டான்” என்றார்கள். குறைக்கக் குறைக்க வலி எட்டிப் பார்த்தது. நான் என்ன செய்தேன், பழைய சீட்டையே எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். தேதி பழசு. நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்படியே எட்டு மாதம். ஸ்டீராய்டு தீயை அமுக்கும், நோயை நிறுத்தி வைக்காது. எலும்பைத் தின்னும், சர்க்கரையை ஏற்றும், காய்ச்சலை மறைக்கும். பல வாரம் சாப்பிட்டவன் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. என் உடம்பு நன்றாக இருக்கிறதென்று நான் நினைத்த அந்த எட்டு மாதத்தில் சுருக்கம் இறுகி, 2017இல் ஒன்றரை அடிக் குடலை வெட்டி எடுத்தார்கள்.

2014 மார்ச்சிலிருந்து டிபி மாத்திரைக்கு உங்களிடம் தனி நோட்டு இருக்கிறது. ஹெச்-ஒன் நோட்டு. யார் எழுதியது, யார் வாங்கியது, எத்தனை என்று குறித்து மூன்று வருஷம் வைத்திருக்கணும். பிரட்னிசோலோனுக்குச் சீட்டு வேண்டும், ஆனால் அந்த நோட்டு கிடையாது. நோட்டு இல்லாவிட்டாலும் ஒன்று கேட்கிறேன்: சீட்டின் தேதியைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் பழசானால் “டாக்டரைப் பார்த்தீங்களா?” என்று கேளுங்கள்.

வெட்டி எடுத்தால் நோய் போய்விடாது, மிச்சக் குடலில் வரும். அதைத் தடுக்க நான் சாப்பிடுவது அசாதையோபிரின். வெட்டியது பி-12 சத்தை உறிஞ்சுகிற இடம் என்பதால் மாதம் ஒரு ஊசியும் உண்டு. அசாதையோபிரின் பற்றி இரண்டு விஷயம் உங்கள் காதில் போட்டுவைக்க வேண்டும். ஒன்று, ஆசியாக்காரர்களில் சிலருக்கு உடம்பின் அமைப்பிலேயே இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் வெள்ளை அணுக்கள் சரசரவென்று இறங்கிவிடும். அதன் மரபணுக் காரணத்தை 2014இல் கொரிய ஆய்வாளர்கள் கண்டார்கள், நம்ம ஆட்களிடமும் அது இருக்கிறது. தொடங்கிய சில வாரத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டினால் அது எச்சரிக்கை. அவன் உங்களிடம் முடி கொட்டுவதற்குத் தைலம் கேட்பான், தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் கேட்பான். இரண்டையும் கொடுக்காமல் ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க அனுப்புங்கள். இன்னொன்று, யூரிக் ஆசிட்டுக்குக் கொடுக்கிற அலோபியூரினால், பெபுக்சோஸ்டாட். இவற்றில் எதையாவது அசாதையோபிரினோடு சேர்த்துச் சாப்பிட்டால் அசாதையோபிரின் உடம்பில் பல மடங்கு தங்கி, எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். இரண்டையும் எழுதிய டாக்டர்கள் வேறு வேறாக இருப்பார்கள். இரண்டும் சந்திக்கிற ஒரே இடம் உங்கள் மேஜை.

இதற்கும் அடங்காதவர்களுக்கு இன்பிளிக்சிமாப், அடலிமுமாப் என்ற ஊசிகள். முதலாவது அமெரிக்காவில் 1998இல் இந்த நோய்க்கு வந்தது. இரண்டாவதை 2014 கடைசியில் நம்ம நாட்டுக் கம்பெனியே செய்து விலையைக் குறைத்தது. குறைந்த விலையும் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய விலைதான். இதைப் போடுமுன் டிபி ஒளிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் ரத்தச் சோதனையும் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் போட்டால் தூங்குகிற கிருமி எழுந்துவிடும். மதுரையில் வரிசையில் எனக்கு முன்னால் கடலாடிப் பக்கத்து அப்பா ஒருவர், பிளஸ் டூ படிக்கிற மகளுக்காக ஊசியை ஐஸ் பெட்டியில் மடியோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும், உறையவும் கூடாது. வீட்டில் பிரிட்ஜ் இல்லை. ஊர்க் கடையில் இன்சுலின் வைக்கிற பிரிட்ஜில் ஒரு ஓரம் இடம் கொடுத்திருந்தாராம் ஒரு மெடிக்கல்காரர், கரண்ட் போனால் போன் பண்ணியும் சொல்வாராம். உங்களில் யாரோ ஒருவர்தான். பேர் கேட்காமல் வந்துவிட்டேன்.

நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, அண்ணே. அதற்கு ஸ்கோப் வேண்டும், சதைச் சோதனை வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டும். ராமநாதபுரத்தில் 2022இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மதுரை இராசாசி ஆஸ்பத்திரியில் குடல் நோய்க்கென்றே பிரிவு இருக்கிறது. போகிற வழி இருக்கிறது, போகச் சொல்கிற ஆள்தான் இல்லை. வயிற்றுக்கு மாத்திரை கேட்டு ஒரே முகம் மூன்றாவது தடவை வந்தால், அட்டையை நறுக்குவதற்கு முன்னால் கேளுங்கள்: எத்தனை நாளா இருக்கு? ராத்திரி தூக்கத்தில் எழுப்பிவிடுதா? எடை குறைஞ்சிருக்கா? பயத்தாலும் பழக்கத்தாலும் வருகிற வயிற்றோட்டம் தூங்குகிறவனைப் பெரும்பாலும் எழுப்பாது; குடலில் புண் இருந்தால் எழுப்பும். சின்னப் பிள்ளை என்றால் வயசுக்கு உயரம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பதிலை அந்தப் பழுப்புக் கவரின் பின்பக்கத்திலேயே தேதியோடு எழுதிக் கொடுங்கள். என்ன மாத்திரை, எத்தனை தடவை என்பதையும். ‘இதைக் கொண்டுபோய் டாக்டர்கிட்டக் காட்டு’ என்று சொன்னால் போதும். வியாபாரம் குறையாது. இந்த நோய்க்காரன் ஆயுசுக்கும் உங்களிடம் மருந்து வாங்கப்போகிறவன்.

போன மாதம் பி-12 ஊசி வாங்க ஒரு கடையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு காலேஜ் பையன், சட்டை தோளில் தொங்குகிறது. “அதே மாத்திரை, ஒரு வேளைக்குக் குடுங்கக்கா” என்றான். பார்மசி படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளை போல, தட்டுக்குப் போன கையை நிறுத்தி, “இது எத்தனாவது தடவை? எத்தனை நாளா இருக்கு?” என்று கேட்டது. பையன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ரோட்டில் போன பரமக்குடி பஸ்ஸைப் பார்க்கத் தொடங்கினேன். அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னது என் காதில் விழவில்லை. திரும்பியபோது அந்தப் பிள்ளை கவரைப் புரட்டிப் போட்டு, பேனாவை உதறிவிட்டு எழுதிக்கொண்டிருந்தது.

இப்படிக்கு,
மிளகாய் மண்டிக் கணக்குப்பிள்ளை,
முதுகுளத்தூர்